வரைபடம் அறியாத மண்

அமெரிக்காவில் ஒரு கட்டடத்தை நிலநடுக்கம் தாங்கும்படி வடிவமைக்கும் பொறியாளர் இன்று தடித்த நூல்களைப் புரட்டுவதில்லை. முகவரியை இணைய வரைபடத்தில் இட்டால், அந்த இடத்துக்கான அதிர்வு மதிப்புகள் நொடியில் கிடைக்கின்றன. அவற்றுக்கு அடிப்படை, அந்நாட்டுப் புவியியல் ஆய்வுத் துறையான யுஎஸ்ஜிஎஸ்ஸின் கணிப்புகள். 2018இல் அத்துறை தன் தேடல் பக்கத்தை நிறுத்தியபின், அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கம் போன்ற அமைப்புகள் அதே தரவைத் தங்கள் தளங்களில் தருகின்றன. மிகப் பயனுள்ள வசதி இது. ஆனால் திரையில் தெரியும் எண் முழுவதும் வரைபடம் சொல்வதல்ல. அதில் ஒரு பங்கு, மண் வகை என்று நாம் எதைத் தேர்ந்தோமோ அதிலிருந்து வருகிறது.

சங்கத்தின் ஏஎஸ்சிஇ 7 விதித்தொகுப்பின் 2016 பதிப்புப்படி, வரைபடம் இரண்டு அடிப்படை மதிப்புகளைத் தருகிறது: குட்டையான கட்டடங்களைப் பாதிக்கும் 0.2 நொடி அதிர்வுக்கு ஒன்று, உயரமானவற்றைப் பாதிக்கும் 1 நொடி அதிர்வுக்கு ஒன்று. இரண்டும் உறுதியான நிலத்துக்குக் கணித்தவை. கடினப் பாறையான ஏ முதல் மிக மோசமான எஃப் வரையுள்ள மண் வகைக்கேற்ப அவற்றைத் திருத்திய பிறகே வடிவமைப்பு மதிப்பு கிடைக்கும். இந்தத் திருத்தம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வரலாறே சான்று. 1985இல் மெக்சிகோ நகரம் நிலநடுக்க மையத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தும், பழைய ஏரிப்படுகையின் களிமண் அதிர்வைப் பன்மடங்காக்கியதால் பேரழிவைக் கண்டது. 1989 நிலநடுக்கத்தில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் சைப்ரஸ் ஈரடுக்கு மேம்பாலம் இடிந்து 42 பேர் இறந்தனர். இடிந்த பகுதியின் பெரும்பங்கு மென்சேற்றின் மேல் நின்றது.

மண் விவரம் தெரியாவிட்டால் டி வகை எனக் கொள்ள 2016 பதிப்பின் விதியே இடம் தருகிறதே, சிறிய வீட்டுக்கும் மண் பரிசோதனைச் செலவு தேவையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், உறுதியான நிலத்தில் எழும் சிறு வீட்டுக்கு அந்தச் சலுகை பொருந்தும். ஆனால் அங்கே ஈ அல்லது எஃப் வகை மண் இருப்பது தெரிந்தால் சலுகை இல்லை. பழைய சதுப்பா, மேடேற்றிய நிலமா என்று யாரேனும் பார்த்தாக வேண்டும். அந்த வேலையை இணையதளம் செய்யாது. பல தசம இடங்களோடு வரும் விடை, மண்ணைப் பற்றிய ஊகத்தை அளவீடாக மாற்றிவிடாது.

ஆகவே அனுமதி வழங்கும் அலுவலர், தளத்தின் அச்சுப்பிரதியைக் கண்டதும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: எந்தப் பதிப்பின் தரவு இது, எந்த ஆதாரத்தில் இந்த மண் வகை தேர்ந்தெடுக்கப்பட்டது? இரண்டாவதற்கு விடையில்லாத அச்சுப்பிரதியை நம்பி மருத்துவமனையோ பள்ளியோ எழுப்பக் கூடாது.