எண்ணூர் பேசும் லத்தீன் வினை

எண்ணூரில் பள்ளிக்கூடம் போகாதவர்கூட 'எக்ஸ்போர்ட்', 'இம்போர்ட்' என்று சரளமாகச் சொல்வார். 2001இல் இங்குள்ள காமராஜர் துறைமுகம் வேலையைத் தொடங்கியதே அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கத்தான். பிறகு இங்கிருந்து கார்கள் கப்பலேறின. உள்ளே வருவது, வெளியே போவது இரண்டுக்கும் அடியில் 'பொர்த்தாரெ' என்ற ஒரே லத்தீன் வினை இருக்கிறது. சுமத்தல், எடுத்துச் செல்லுதல் என்று பொருள். 'இன்' என்றால் உள்ளே. 'எக்ஸ்' என்றால் வெளியே. பகரத்துக்கு முன் 'இன்', 'இம்' ஆகிவிடும். 'டிரான்ஸ்' என்றால் கடந்து, டிரான்ஸ்போர்ட்டும் பிறந்துவிட்டது.

'பொர்த்தாரெ'யின் வினைத்திரிபு தமிழருக்கு எளிது. யார் செய்கிறார் என்பதை நம் வினை விகுதியே சொல்லிவிடும், லத்தீனும் அப்படித்தான். பொர்த்தோ, சுமக்கிறேன். பொர்த்தாஸ், சுமக்கிறாய். பொர்த்தாமுஸ், சுமக்கிறோம். பொர்த்தாத்திஸ், சுமக்கிறீர்கள். பொர்த்தந்த், சுமக்கிறார்கள். 'நான்', 'நீ' என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலம் இந்த வசதியைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. ஓரிடத்தில் மட்டும் தமிழ் இன்னும் நுட்பமானது: சுமக்கிறான், சுமக்கிறாள், சுமக்கிறது மூன்றுக்கும் லத்தீனில் 'பொர்த்தத்' ஒன்றுதான்.

காலமும் சொல்லுக்குள்ளேயே அடங்கும். பொர்த்தாவி, சுமந்தேன். பொர்த்தாபோ, சுமப்பேன். எதிர்காலத்துக்கு இரு மொழியிலும் பகரம் வருவதைப் பார்த்து உறவு கொண்டாட வேண்டாம். அது தற்செயல், லத்தீன் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம், தமிழ் திராவிடக் குடும்பம். செயப்பாட்டு வினையில் லத்தீன் நம்மைவிடச் சிக்கனம்: 'சுமக்கப்படுகிறது' என்று நாம் நீட்டுவதை அது 'பொர்த்தாத்துர்' என்று முடித்துவிடும்.

துறைமுகத்தைக் குறிக்கும் 'போர்ட்' இந்த வினையிலிருந்து நேராக வந்ததல்ல. அது 'பொர்த்துஸ்' என்ற பெயர்ச்சொல்லின் வழி வந்தது. கதவைக் குறிக்கும் 'பொர்த்தா'வும் உண்டு. கடந்து செல்லுதல் என்ற பழைய வேரிலிருந்து மூன்றும் கிளைத்தவை என்பது மொழியியலாளர் கருத்து.

பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்யக் கொடுக்கும் முன் இந்த ஒரு வினையைச் சொல்லிக்கொடுங்கள். 'சப்' கீழே, 'டி' அகற்றி, 'ரி' திரும்ப என்று மூன்று முன்னொட்டுகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். சப்போர்ட், டிபோர்ட், ரிப்போர்ட் மூன்றையும் அவர்களே பிரித்துப் பொருள் சொல்வார்கள்.