மூச்சுக்காரர்கள் – 9: முப்பது விநாடிப் பக்கம்

அமெரிக்க மருத்துவமனை ஐசியுவில் வென்டிலேட்டர் பார்த்துக்கொண்டிருந்த ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் ஸ்லீப் லேபுக்கு மாறியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன்.

இந்த வாரம் அமெரிக்கச் சுவாசச் சிகிச்சைத் தேர்வு வாரியமான என்பிஆர்சியின் உறக்கச் சிறப்புத் தேர்வைப் பற்றி எழுதுவதாக இருந்தது. அதற்குள் ஒரு தகவல் என்னைப் பிடித்துக்கொண்டது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

உறக்க ஆய்வில் இரவு முழுவதையும் 30 விநாடித் துண்டுகளாக வெட்டித்தான் படிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் விழிப்பா, லேசான தூக்கமா, ஆழ்ந்த தூக்கமா, கனவுத் தூக்கமா என்று குறிக்க வேண்டும். ஏன் 30? உடம்பில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. எல்லாம் காகிதம் செய்த வேலை. மூளை அலையைப் பதியும் அந்தக் காலத்து ஈஈஜி இயந்திரத்தில் காகிதம் விநாடிக்கு 10 மில்லிமீட்டர் நகரும். ஒரு பக்கத்தின் நீளம் 30 சென்டிமீட்டர். ஆகப் பக்கத்துக்கு 30 விநாடி! எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 960 பக்கம். பிரித்து நீட்டினால் 288 மீட்டர். மை பேனாக்கள் விடிய விடிய அதில் கிறுக்கிக்கொண்டே இருக்கும். 1968இல் உறக்க ஆய்வாளர்கள் ரெக்ட்ஷாஃபனும் கேல்ஸும் தொகுத்த கையேட்டுக்குப் பிறகு இந்த வழக்கம் ஊன்றிவிட்டது. 2007இல் அமெரிக்க உறக்க மருத்துவ அகாதமி விதிகளைத் திருத்தியபோது, மூன்று, நான்கு என்றிருந்த ஆழ்தூக்க நிலைகளை ஒன்றாக்கியது. காகிதம் போய்க் கம்ப்யூட்டர் வந்திருந்தும் 30 விநாடியில் கைவைக்கவில்லை.

நம் தெரபிஸ்ட் மேலே போக வேண்டுமானால் இந்தப் பக்கத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். மூச்சும் ஆக்சிஜனும் அவருக்கு மனப்பாடம். தூக்கத்தில் மூச்சுப்பாதை மூடாதபடி காற்று ஊதும் சிபாப் கருவியின் அழுத்தத்தை 4 சென்டிமீட்டர் நீர் அளவில் தொடங்கி, ஐந்து நிமிடமாவது பொறுத்து ஒவ்வொன்றாக ஏற்றுவதும் வென்டிலேட்டரில் பழகிய கைக்குச் சிரமமில்லை. (அந்த சிபாப்பே 1980இல் சிட்னியில் பிறந்தது. தொண்டையில் துளையிட்டுக்கொள்ள மறுத்த ஒரு நோயாளிக்காக, வாக்குவம் கிளீனர் மோட்டாரைக் காற்று ஊதும்படி மாற்றி மூக்கில் பொருத்தினார் மருத்துவர் காலின் சல்லிவன். அடுத்த ஆண்டே ‘லான்செட்’ இதழில் கட்டுரை வந்தது. என்ன மனிதர்!)

புதிதாகக் கற்க வேண்டியது மூளை அலை. அரை விநாடியாவது நடுங்கி அடங்கும் ‘ஸ்பிண்டில்’ என்ற அலை, லேசான தூக்கத்தின் இரண்டாம் நிலைக்கு ஓர் அடையாளம். தூக்கத்தில் 10 விநாடியாவது நின்ற அல்லது குறைந்த மூச்சுதான் கணக்கில் சேரும். மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ என்றால் உறக்க மூச்சுத்தடை நோய் கடுமை. தூக்கத்தையும் விழிப்பையும் பிரித்தறியத் தவறினால் இந்தக் கணக்கும் தவறும், சிகிச்சையும் தவறும். மூச்சையும் மூளையையும் ஒரே பக்கத்தில் படிக்கிறவருக்குத்தான் லேபில் மதிப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

தேர்வைப் பற்றிய பேச்சு அடுத்த வாரத்துக்குப் போய்விட்டது. அதற்குள் இந்தத் துறையில் இருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இரவு ஷிஃப்டை மாஸ்க் மாட்டுவதிலேயே கழித்துவிடாதீர்கள். இந்தப் பக்கங்களைப் படித்துக் குறிக்கும் ‘ஸ்கோரிங்’ வேலை செய்யும் சீனியர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.