அடுப்பு மாறினால் மட்டும் போதுமா?

சமையலறைப் புகையை ஒரு பிரச்சினையாகவே நம்மில் பலர் கருதுவதில்லை. விறகு பொறுக்குவதும் சுமப்பதும் ஊதி எரிப்பதும் பெண்களின் வேலையாக ஒதுக்கப்பட்டுள்ளமையே இதற்குக் காரணம் எனலாம். வீடுகளுக்குள் மாசடையும் காற்றினால் 2020 ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. அடுப்பருகே நிற்கும் பெண்களும் அவர்களுடன் இருக்கும் குழந்தைகளுமே இப்புகையை அதிகம் சுவாசிக்கின்றனர்.

எரிவாயு அடுப்பு வந்ததும் புகை குறைகின்றது. விறகுக்குச் செலவான நேரமும் மிஞ்சுகின்றது. அந்நேரத்தில் ஒரு பெண் சுயதொழில் செய்யலாம், கற்கலாம், ஓய்வெடுக்கலாம். ஆனால், அடுத்த சிலிண்டரை வாங்கும் பணமும் அதைத் தீர்மானிக்கும் உரிமையும் அவளிடம் இல்லையெனில் இந்த நன்மை நிலைக்காது.

அயல்நாடான இந்தியாவின் அனுபவம் இதனையே உணர்த்துகின்றது. 2016 மே மாதம் அங்கு ஆரம்பிக்கப்பட்ட உஜ்வலா திட்டம், வறிய குடும்பங்களுக்கான எரிவாயு இணைப்பைப் பெண்ணின் பெயரிலேயே வழங்கியது. 2019 செப்டெம்பரில் இணைப்புகள் எட்டுக் கோடியை எட்டின. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் மீள்நிரப்பும் வசதியின்றிப் பல குடும்பங்கள் விறகடுப்பையும் கைவிடவில்லை. 2022 இல் சிலிண்டருக்கு 200 ரூபா மானியம் வழங்கப்பட்டு, 2023 இல் அது 300 ரூபாவாக உயர்த்தப்பட்டது.

நமது நாட்டின் அனுபவமோ இன்னும் கசப்பானது. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டரின் விலை 2,675 ரூபாவிலிருந்து 4,860 ரூபாவாக உயர்ந்தது. அது நோன்பு காலமுமாகும். ஸஹர் உணவு சமைப்பதற்கும் விறகு தேட வேண்டிய நிலை ஏற்பட்டது. தொடர்மாடி வீடுகளில் விறகு எரிக்க இடமேயில்லை. இடியப்பமும் அப்பமும் விற்றுக் குடும்பத்தைக் காத்த பெண்களுக்கு அது வருமான இழப்பாகவும் அமைந்தது. மிஞ்சிய நேரம் மீண்டும் வரிசையிலும் விறகிலும் கரைந்தது.

எனவே, அடுப்பை வழங்குவதுடன் கடமை முடிந்துவிட்டதென அரசாங்கம் கருதலாகாது. வறிய குடும்பங்களுக்கான எரிபொருள் உதவி பெண்ணின் கைக்கே நேரடியாகச் சேர வேண்டும். மாதர் சங்கங்கள் ஊடாகத் தவணை முறையில் சிறிய சிலிண்டர்களை வழங்குவது குறித்தும் சிந்திக்கலாம். சமையற் பொறுப்பை ஆண்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும். இன்றேல் புகை மறைந்தாலும் பெண்களின் சுமை மறையாது என்பதே நமது கருத்தாகும்.