குண்டூசித் தலையை விடச் சின்னக் குளவி



குளவி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கொட்டும், வீங்கும், ஓடணும். அதுதானே? நான் சொல்லப்போகும் குளவி நம்மைக் கொட்டாது. மூக்குக்கு முன்னாடி பறந்தாலும் நமக்குத் தெரியாது. அதன் பெயர் அசிரோபேகஸ் பப்பாயே.

போன கோடையில் எங்கள் வீட்டுப் பப்பாளியில் மாவுப்பூச்சி பிடித்துவிட்டது. இலைக்கு அடியில் சுண்ணாம்பு பூசின மாதிரி ஒரே வெள்ளை. காய் மேலேயும் அப்படியே. எறும்பு வேறு சாரை சாரையாக ஏறியது. எங்கள் அம்மாயி, "மருந்து வாங்கியாந்து அடிங்க, இல்லாட்டி வெட்டிப் போடுங்க" என்று மாமாவிடம் சொல்லிவிட்டார். நான் விதை போட்டு வளர்த்த மரம் அது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். "மருந்து அடிக்கிறதுக்கு முன்னாடி இலையைத் திருப்பி உத்துப் பாத்தியா?" என்று கேட்டாங்க.

மாமா பனியன் கம்பெனியில் துணியின் இழையை எண்ணிப் பார்க்க ஒரு மடக்கு லென்ஸ் வைத்திருப்பார். அதை வாங்கிப் பார்த்தேன். வெள்ளைக்கு நடுவில் மஞ்சளாக ஒரு புள்ளி. தொடப் போனேன், டக்கென்று குதித்துக் காணாமல் போச்சு! அப்புறம்தான் டீச்சரிடம் கேட்டும், புத்தகம் படித்தும் இதையெல்லாம் தெரிந்துகொண்டேன்.

அதன் உடல் எப்படி இருக்கும்?

1. அளவு: ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை. குண்டூசியின் தலை மேல் உட்கார்ந்தாலும் இடம் மிச்சம் இருக்கும்.

2. நிறம்: வெளிறிய ஆரஞ்சு கலந்த மஞ்சள்.

3. தலை: பக்கத்துக்கு ஒரு கூட்டுக்கண், உச்சியில் மூன்று குட்டிக் கண்கள். நம் முழங்கை மாதிரி மடங்கிய இரண்டு உணர்கொம்புகள். அவற்றால் இலையைத் தட்டித் தட்டித்தான் மாவுப்பூச்சியைத் தேடும்.

4. இறகு: கண்ணாடி மாதிரி நான்கு இறகுகள். ஈக்கு இரண்டுதான், குளவிக்கு நான்கு. தட்டானின் இறகில் வலை போல நரம்பு ஓடும். இதற்கு முன் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நரம்பு இருக்கும்.

5. நடுக்கால்: வெட்டுக்கிளி பின்னங்காலால் தாவும். இது நடுக்காலால் தாவும்! அந்தக் காலில் பெரிய முள் ஒன்று உண்டு. இந்தக் குளவிக் குடும்பம் முழுவதற்கும் இதுவே அடையாளம்.

6. ஊசி: பெண் குளவியின் வயிற்று நுனியில் ஊசி போன்ற ஓர் உறுப்பு இருக்கும். அது நம்மைக் குத்த இல்லை, முட்டையிட.

அந்த ஊசியை மாவுப்பூச்சியின் உடம்பில் குத்தி உள்ளே முட்டை வைக்கும். பொரிந்து வரும் புழு மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்னும். மாவுப்பூச்சி உப்பி, பழுப்பாகி, கூடு போல இறுகிவிடும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அதில் வட்டமாக ஓட்டை போட்டுப் புதுக் குளவி வெளியே வரும். நான் லென்ஸில் பார்த்த இலையில் அந்த மாதிரி ஓட்டைக் கூடுகள் நிறைய இருந்தன!

இந்தக் குளவிக்குப் பெயர் வைத்ததே 2003-ல்தான். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜான் நோய்ஸும், அமெரிக்காவின் மைக்கேல் ஷாஃபும் இதன் கொம்பு, கால், இறகு எல்லாவற்றையும் அளந்து எழுதிப் பெயரிட்டார்கள். எங்கள் அப்பா பள்ளிக்கூடம் போன காலத்தில் இதற்குப் பெயரே கிடையாது.

ஒரு பூச்சிக்குப் பெயர் வைப்பதால் நமக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். பப்பாளி மாவுப்பூச்சியின் சொந்த ஊர் மெக்சிகோ பக்கம். 2008-ல் அது கோயம்புத்தூரில் தென்பட்டது. பிறகு நம் திருப்பூர், ஈரோடு பக்கமும் பரவி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று எதையும் விடவில்லை. உடம்பு மேல் மெழுகு மாவு இருப்பதால் மருந்து அடித்தும் சரியாகச் சாகவில்லை. மருந்து பட்ட மல்பெரி இலையைத் தின்றால் பட்டுப்புழுவும் செத்துவிடும். விவசாயிகள் என்னதான் செய்வார்கள்?

அப்போதுதான் இந்தக் குளவி கை கொடுத்தது. எந்தக் குளவி இதற்கு எதிரி என்று பெயரோடு எழுதி வைத்திருந்ததால், அதையே கேட்டு வாங்க முடிந்தது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தது. நல்ல பூச்சிகளுக்குக் கெடுதல் செய்யாது என்று சோதித்த பிறகே வெளியே விட்டார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் நிறைய வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுத்தது. மாவுப்பூச்சி அடங்கியது. பக்கத்து நாடான இலங்கையிலும் 2009-ல் இதே குளவியை விட்டிருக்கிறார்கள்.

எங்கள் மரத்தில் இருந்தது இதே குளவிதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். மைக்ராஸ்கோப்பில் வைத்து, உணர்கொம்பின் கணுக்களை எண்ணிப் பார்த்தால்தான் உறுதியாகும். ஆனால் கூட்டில் இருந்த ஓட்டையை அம்மாயிக்கு லென்ஸில் காட்டினேன். "செரி கண்ணு, ஒரு மாசம் பொறுத்துப் பாக்கலாம்" என்றார். மருந்து அடிக்கவில்லை. எறும்பு ஏறாமல் மட்டும் பார்த்துக்கொண்டோம், ஏனென்றால் மாவுப்பூச்சி விடும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும். மூன்று காய் வீணாகிவிட்டது. ஆனால் குருத்து பச்சையாக வந்தது. மரம் இன்றைக்கும் நிற்கிறது.

தோழர்களே! கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். இது கடுகை விடச் சிறுசு. உங்கள் வீட்டுச் செடியில் வெள்ளை பிடித்தால் உடனே மருந்தைத் தூக்காதீர்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். ஓட்டை போட்ட பழுப்புக் கூடு தெரிந்தால், அங்கே ஏற்கெனவே ஒருத்தி வேலை செய்துகொண்டிருக்கிறாள். மருந்து அடித்தால் முதலில் சாவது அவள்தான்!



– 9-ஆம் வகுப்பு மாணவி, வேலம்பாளையம்