சுடுதண்ணீரும் கணிப்பொறியும்

தண்மையை உடைய நீர் தண்ணீர். ஆயினும் காய்ச்சிய நீரையும் 'சுடுதண்ணீர்' என்று கூசாமல் சொல்லிவிடுகிறோம். முரண்போலத் தோன்றும் இவ்வழக்கு ஓரிடத்தில் முற்றிலும் பொருந்திவருவதைச் சென்ற ஆண்டு கண்டேன். நம் துறையில் பயின்று, இன்று திருமண நிகழ்ச்சிப் படங்களைத் தொகுக்கும் தொழில் செய்துவரும் பழைய மாணவர் ஒருவர் தம் கணிப்பொறியைக் காட்டினார். கண்ணாடிப் பக்கத்தின் உள்ளே, மின்கம்பிகளுக்கு நடுவே நீர்க்குழாய்கள் வளைந்து சென்றன! "மின்சாரமும் தண்ணீரும் ஒரே பெட்டிக்குள்ளா?" என்றேன். "தண்ணீர் இல்லாவிட்டால் ஃபேன் இரைச்சலில் பாட்டே காதில் விழாது ஐயா" என்றார்.

கணிப்பொறிக்கு நாம் ஊட்டும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. 1993இல் வெளிவந்த இன்டெல் பென்டியம் செயலி உச்ச வேலையில் 16 வாட் அளவே உண்டது. சிறு விசிறி ஒன்று அதற்குப் போதும். 2023இல் வந்த அந்நிறுவனத்தின் கோர் ஐ9-14900கே செயலிக்கு உச்ச வரம்பு 253 வாட். படங்களை உருவாக்கித் திரைக்கு அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு, அதாவது வரைகலை அட்டை, இன்னும் பெரும்பசி உடையது: 2022இல் வந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4090 அட்டையின் அளவு 450 வாட். துணி தேய்க்கும் பெட்டி இதனினும் மிகுதியாக மின்சாரம் கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் அதன் வெப்பம் உள்ளங்கையினும் பெரிய தகட்டில் பரவுகிறது. செயலியின் வெப்பமோ கட்டைவிரல் நகத்தினும் சற்றே பெரிய சில்லில் திரள்கிறது. அதை உடனுக்குடன் அகற்றாவிடில், 100 பாகை செல்சியசை நெருங்கும்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேற்போனால் தன்னை நிறுத்திக்கொள்ளும்.

வெப்பத்தைச் சுமப்பதில் காற்று மிக எளிய கூலியாள். ஒரு லிட்டர் காற்றும் ஒரு லிட்டர் நீரும் ஒரே ஒரு பாகை சூடேறுவதாகக் கொண்டால், நீர் ஏற்றுக்கொள்ளும் வெப்பம் காற்று ஏற்பதைப் போல் ஏறத்தாழ 3,500 மடங்கு. இரைச்சலிடும் விசிறிகள் செய்யும் வேலையை மெல்ல ஓடும் சிறு நீரோட்டம் செய்வதன் காரணம் இதுவே.

அமைப்பு எளிது. சில்லின் மீது வெப்பப் பசை தடவி, அதன்மேல் செம்புப் பாளம் ஒன்றைப் பொருத்துவர். பாளத்தின் உட்புறம் மயிரிழை போன்ற நுண்வரிகள் செதுக்கப்பட்டிருக்கும். நீர் அவ்வரிகளுக்கிடையே புகுந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு, பம்பின் உந்துதலால் ரேடியேட்டருக்குச் செல்லும். ஆங்கே மெல்லிய தகடுகள் வழியே விசிறிகள் காற்றைச் செலுத்த, வெப்பம் காற்றில் இறங்கும். நீர் மீண்டும் பாளத்துக்குத் திரும்பும். (ரேடியேட்டர் என்பதற்குக் 'கதிர்வீசி' எனப் பெயர்ப்பாரும் உளர். இக்கருவியோ கதிராக வீசுவது சிறிதே. பெரும்பகுதியைக் காற்றிடம் கொடுத்துவிடுகிறது. மூலப் பெயரே பிழைபடும்போது மொழிபெயர்ப்பாளர் என் செய்வார்!)

மண்பானை நீரை அறிந்த நாம் இங்கே தவறாக எண்ணிவிட இடமுண்டு. பானையில் நீர் கசிந்து ஆவியாவதால், உள்ளிருக்கும் நீர் அறையினும் குளிர்கிறது. கணிப்பொறி நீரோ மூடிய குழாயில் சுற்றுவது, ஆவியாக வழியில்லை. எனவே அறை 34 பாகை எனில், அந்நீர் 34க்கு மேற்பட்டே இருக்கும். பனிக்கட்டி இட்டு மேலும் குளிர்விக்கலாமே என்று சிலர் கேட்பர். குளிர்ந்த குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல் பாளமும் குழாயும் வியர்த்து, மின்சுற்றின்மேல் சொட்டத் தொடங்கும்.

செயலியைக் கடந்து சூடேறிய நீரே அட்டைக்கும் சென்றால் பயன் குறையாதா என்பது மாணவர் கேட்கும் நல்ல வினா. கணக்கிட்டுப் பார்ப்போம். நிமிடத்திற்கு 4 லிட்டர் ஓடுவதாகக் கொண்டால், 253 வாட் அந்நீரை ஒரு பாகைகூட உயர்த்துவதில்லை. 450 வாட் உயர்த்துவது 1.6 பாகையே. ஆகவே எது முன், எது பின் என்னும் வரிசை பொருட்டன்று. யாருக்கு ஆதாயம் மிகுதி என்பதே பொருட்டு. செயலியின் சில்லுக்குமேல் உலோக மூடி ஒன்று உண்டு. வெப்பம் அதையும் கடந்தாக வேண்டும். வரைகலை அட்டையிலோ சில்லு வெறுமையாக இருப்பதால் பாளம் நேரே தொடுகிறது. வேலை அட்டையிலேயே மிகுதியாக நடப்பின், நீரின் முழுப்பயன் அங்கேதான் என்பது என் கருத்து. ஆனால் கடையில் மலிவாகக் கிடைக்கும் மூடிய அமைப்புகளில் பெரும்பாலானவை செயலிக்கு மட்டுமே உரியவை. அட்டைக்கு வேண்டுமெனில் அதன் சொந்த விசிறிகளைக் கழற்றி, நினைவகச் சில்லுகளையும் மின்வழங்கு பகுதியையும் சேர்த்து மூடும் தனிப்பாளம் பொருத்த வேண்டும். உத்தரவாதமும் அப்போதே போய்விடக்கூடும்.

நம் மாணவர் இரண்டையும் தாமே இணைத்தார். இரண்டு பிழைகளும் செய்தார். விலை மலிவென்று அலுமினிய ரேடியேட்டரை வாங்கினார்; வீட்டுக்கு வரும் குடிநீர்க் கேனிலிருந்தே நீர் நிரப்பினார். செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் கூடின் அது மின்கலம்போல் ஆகி, அலுமினியம் அரிக்கப்படும். குடிநீரில் உள்ள உப்புகள் அவ்வரிப்பை விரைவுபடுத்தும். ஆறு திங்களில் வெப்பநிலை 90ஐத் தொட்டது. பாளத்தைத் திறந்தால் நுண்வரிகளில் பச்சைப் பாசியும் வெண்படிவும்! ஒரு குழாயின் இணைப்பில் ஈரம் கசிந்து, அட்டைக்கு நேர்மேலே துளியாகத் திரண்டிருந்தது. மூன்று குடும்பத்தார் நம்பிக் கொடுத்திருந்த நிக்காஹ் படங்கள் அக்கணிப்பொறியில் இருந்தன. வேறு படி எடுத்து வைக்கவில்லை. அவர் முதலில் கை வைத்தது மின்விசையில்தான். துளி விழுமுன் அணைத்தமையால் படங்கள் தப்பின.

காய்ச்சி வடித்த நீர் மின்சாரம் கடத்தாது, கசிந்தாலும் அச்சமில்லை என்பார் உளர். தூய நீர் பெரிதும் கடத்தாது என்பது மெய். ஆனால் உலோகங்களினூடே சுற்றச் சுற்ற அத்தூய்மை நிலைப்பதில்லை. இப்போது அவர் செம்பு ரேடியேட்டர் வைத்து, பாசித் தடுப்பும் அரிப்புத் தடுப்பும் கலந்த வடிநீரை நிரப்பி, ஆண்டுக்கொரு முறை மாற்றுகிறார். படங்களுக்குத் தனிப்படியும் எடுக்கிறார்.

இம்முறை புதியதன்று. 1960களிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தின் பெருங்கணிப்பொறிகள் சில நீரால் குளிர்விக்கப்பட்டன. 1985இல் வந்த கிரே-2 என்னும் மீக்கணினியின் மின்சுற்றுகளோ மின்கடத்தாத் திரவத்தில் மூழ்கியே இயங்கின. இவற்றினும் என்னை வியப்பில் ஆழ்த்தியது, 2010இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஐ.பி.எம். ஆய்வகமும் ஆங்குள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகமும் அமைத்த அக்வாசார் என்னும் கணினி. அதனுட் செலுத்தப்பட்ட நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 60 பாகை! சில்லு அதனினும் சூடாக இருக்கலாம் என்பதால், சுடுதண்ணீரே அதற்குத் தண்ணீர் ஆயிற்று. வெளிவந்த வெப்பத்தை வீணாக்காமல், குளிர்நாடாகிய அங்கே கழகக் கட்டடங்களுக்குக் கதகதப்பு ஊட்டப் பயன்படுத்தினர்.

நம் ஊரில் அவ்வெப்பத்தைக் கேட்பார் இல்லை. செயலியும் அட்டையும் சேர்ந்து உமிழும் 700 வாட் வெப்பத்தை நீர் அழிப்பதில்லை; பெட்டியிலிருந்து எடுத்து அறையில் இறக்கிவைக்கிறது, அவ்வளவே. கோடையில் கணிப்பொறி அமைதியாகிவிட்டது, தமக்குத்தான் வியர்க்கிறது என்றார் மாணவர். மேசையைச் சன்னலோரம் நகர்த்தி, ரேடியேட்டரின் காற்று வெளியே போகுமாறு திருப்பி வைத்திருக்கிறார்.