கூவி விற்கத் தெரியாதவர்களும் விற்கலாம்

காணியை இழந்தவர்களுக்கு என்ன இழப்பு என்று கேட்டால் வீடு, மரக்கறித் தோட்டம், மாடு, விதைக் கிழங்கு என்று வரிசையாகச் சொல்வார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையிலும் மண்சரிவிலும் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் இடம்பெயர்ந்த குடும்பங்களின் பட்டியல்களிலும் இவைதாம் இருக்கின்றன. எந்தப் பட்டியலிலும் எழுதப்படாத ஓர் இழப்பு உண்டு. அது வாடிக்கையாளர்களின் இழப்பாகும். பழைய இடத்தில் உங்கள் கரட்டை அறிந்த பத்து வீடுகள் இருந்தன. முட்டைக்கு ஆள் தேடி வந்தது. கடைக்கார முதலாளி உங்கள் மூட்டையை அவிழ்த்துப் பார்க்காமலே நிறுத்தார். புதிய இடத்திலோ உங்களை அறிந்தவர் எவருமில்லை. எல்லாவற்றையும் வாயால் சொல்லியே தொடங்க வேண்டியிருக்கின்றது.

இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். உடப்புசல்லாவை, இராகலை, கந்தப்பளைப் பக்கங்களில் சந்தை நாளன்று சற்று நின்று பார்த்தால் இதனை அவதானிக்கலாம். நடுவிலே நின்று கூவுகிறவரின் கோவா முதலில் போய்விடுகின்றது. ஓரத்தில் சாக்கை விரித்து, தலையைக் குனிந்துகொண்டு இருக்கும் பெண்ணின் லீக்ஸ் நல்லதாக இருந்தும் பிற்பகல் வரை கிடக்கின்றது. பின்பு யாரோ ஒருவர் வந்து பாதி விலைக்குக் கேட்க, திருப்பித் தூக்கிச் செல்ல முடியாதே என்று அவர் தலையாட்டிவிடுகின்றார். ஆறு மாத உழைப்பின் இலாபம் அந்தத் தலையாட்டலில் போய்விடுகின்றது.

இவரை நாம் கெட்டிக்காரத்தனம் இல்லாதவர் என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். காரணங்கள் பல. சிலர் சுபாவத்திலேயே கூச்சமுள்ளவர்கள். சிலருக்குத் திக்குவாய். சிலருக்குச் சிங்களம் விளங்கும், வாயில் வராது. இரைச்சலும் நெரிசலும் உள்ள இடத்தில் தலை கிறுகிறுத்து, கணக்கே மறந்துபோகிறவர்களும் உளர். ஓட்டிசம் என்று இன்று வைத்தியர்கள் கூறும் இயல்புடைய பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகி எம் தோட்டங்களிலும் வேலை செய்கின்றனர். அவர்களுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே வீட்டாருக்குத் தெரியாது. "ஒரு மாதிரி" என்பதோடு முடித்துவிடுவோம். அகதியாக வந்தோமே என்ற வெட்கம் இவை எல்லாவற்றுக்கும் மேலாக நிற்கின்றது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது பழமொழி. வாய் குறைந்த பிள்ளையும் பிழைக்க வேண்டுமல்லவா?

இதற்கு விடை தேடி எங்கும் போக வேண்டியதில்லை. நாம் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த தேயிலையே ஒரு வார்த்தை பேசாமல்தான் விற்கப்படுகின்றது.

கொழும்புத் தேயிலை ஏல விற்பனை 1883 ஜூலை 30ஆம் திகதி தொடங்கியது. 2020 முதல் அது கணினி வழியாக நடக்கின்றது. ஆனால் அடிப்படை மாறவில்லை. உடப்புசல்லாவைத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து தேயிலை போனதும் தரகர் நிறுவனம் அதிலிருந்து மாதிரி எடுக்கின்றது. அந்த மாதிரி சிறு பொதிகளாக வாங்குவோரிடம் அனுப்பப்படுகின்றது. அவர்களுடைய சுவைபார்ப்போர் வரிசையாகக் கோப்பைகளை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரே நிறைத் தேயிலையை இட்டு, ஒரே அளவு கொதிநீர் ஊற்றி, ஒரே நேரம் ஊறவிட்டு, சாயத்தை உறிஞ்சி, நாக்கில் புரட்டித் துப்புகின்றனர். இலையின் தோற்றம், ஊறிய இலையின் நிறம், சாயத்தின் நிறமும் வீரியமும் எல்லாம் குறித்துக்கொள்ளப்படும். அதன் பின்னரே ஏலத்தில் விலை கேட்பார்கள். தோட்டத்துரை அங்கே வந்து "எங்கள் தேயிலையைப் போல் எங்கும் இல்லை" என்று பேசுவதில்லை. பேசினாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

அங்கே பேசுவது மாதிரியும் 'மார்க்'கும்தான். மார்க் என்பது அந்தத் தேயிலைக்குரிய தோட்டப் பெயர். இந்த மார்க்கில் வரும் தேயிலை இப்படித்தான் இருக்கும் என்று வாங்குவோருக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் காலத்தில் உடப்புசல்லாவைத் தேயிலையின் குணம் கூடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தரம் தொடர்ந்து தளர்ந்தால் விலையும் தளரும். அப்போது எந்தப் பேச்சும் அதைத் தூக்கி நிறுத்தாது. (இந்த விலையை உண்டாக்கிய கொழுந்துக்காரிக்கு அந்த ஏலத்தில் எந்தக் குரலும் கிடையாது என்பது வேறு கதை. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.)

தேயிலையின் தொடக்கத்திலேயே இரு விதமான மனிதர்களைக் காண்கின்றோம். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் தனிமையை விரும்பியவர். பங்களா விறாந்தையே அவருக்குத் தொழிற்சாலை. மேசை மீது கையால் உருட்டி, கரி அடுப்பில் காய வைத்த தேயிலை அது. அவர் எடுத்த விடுமுறையாக அறியப்படுவது ஒன்றே. அதுவும் 1874இல் டார்ஜிலிங் சென்று தேயிலை பார்ப்பதற்காக. மற்றவர் தோமஸ் லிப்டன். கிளாஸ்கோவில் பாரிய பாற்கட்டியைத் தெருவழியே கொண்டுவந்து ஊரையே கூட்டிய கடைக்காரர். 1890இல் இங்கு வந்து ஹப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கினார். லிப்டனின் பெயரே உலகத்துக்குத் தெரியும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆரவாரத்துக்குப் பலன் உண்டு. ஆனால் லிப்டன் விற்பதற்கு முதலில் டெய்லரின் தேயிலை இருக்க வேண்டியிருந்தது. இருவருக்கும் உழைத்தது எம் முன்னோர் என்பதையும் சொல்லிவிட்டு மேலே செல்வோம்.

ஆகவே பேச முடியாதவர் முதலில் செய்யக் கூடியது மாதிரி கொடுப்பது. ஒரு கிலோ கிழங்கை அவித்து வைத்துக்கொண்டு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. புதிய இடத்தில் இருக்கும் தேநீர்க் கடை, பாடசாலை ஆசிரியர் விடுதி, வைத்தியசாலைச் சிற்றுண்டிச்சாலை, பங்கு இல்லம் ஆகியவற்றில் நான்கு இடங்களைத் தெரிவு செய்யுங்கள். இரண்டு முட்டையோ ஒரு கட்டு லீக்ஸோ ஒரு சிறு பொதி காளானோ கொண்டுபோய்க் கொடுங்கள். கூடவே ஒரு துண்டுக் காகிதம், ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம். என்ன பொருள், கிலோ என்ன விலை, எந்த நாளில் கொண்டுவருவீர்கள் என்ற மூன்று விடயங்கள் போதும். சிங்களப் பக்கத்தைப் பாடசாலைப் பிள்ளை ஒன்று எழுதித் தரும். பதிலுக்கு நிற்க வேண்டாம். "அடுத்த செவ்வாய் வருகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். செவ்வாய் கட்டாயம் போங்கள். மழையென்றாலும் போங்கள். புதிதாக வந்தவரை ஊர் அளப்பது இப்படித்தான்.

வாயால் பேசுவதிலும் எழுதுவது சிலருக்கு இலகு. கைத்தொலைபேசியில் இன்று பிடுங்கிய பீட்ரூட்டைப் படமெடுத்து, நிறையையும் விலையையும் எழுதி, வாங்குகிற ஐந்து பேருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினால் பேரம் பேச வேண்டிய சங்கடமும் குறைகின்றது. படத்தில் உள்ளதே மூட்டையில் இருக்க வேண்டும். மேலே பெரியது, அடியில் அழுகல் என்றால் அதுதான் உங்கள் மார்க் ஆகிவிடும்.

இதைவிடத் துணிகரமான ஒரு வழியை இந்தியாவின் மிசோரம் மாநிலத்திலே காணலாம். அங்கும் மலைதான், பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள்தான், எம்முடைய சேனைச் செய்கை போன்று காட்டை வெட்டி எரித்து மலைச்சரிவில் பயிரிடுகிற சிறு விவசாயிகள்தான். ஐஸ்வால் நகரிலிருந்து செல்லும் நெடுஞ்சாலையில் செலிங் என்ற இடத்தை அண்டி மூங்கிற் குடில்கள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே மரக்கறி, பழம், போத்தலில் அடைத்த பழரசம் எல்லாம் இருக்கும். விலையை எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். பணம் போட ஒரு டப்பா அல்லது போத்தல். கடைக்காரர் மட்டும் இல்லை. வருகிறவர் வேண்டியதை எடுத்து, பணத்தைப் போட்டு, மீதியையும் தாமே எடுத்துக்கொண்டு போகின்றார். மிசோ மொழியில் அக்கடைகளின் பெயருக்கே காவலில்லாத கடை என்பதுதான் பொருள். 2020இல் சமூக ஊடகங்களின் வழியாக இது வெளியுலகுக்குப் பரவலாகத் தெரியவந்தது.

அவர்கள் இதைப் புனிதமான காரியமாக எண்ணித் தொடங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் எல்லாரும் வயலுக்குப் போக வேண்டும், கடையில் ஓராளை நிறுத்தினால் ஒரு நாட்கூலி நட்டம். அந்தக் கணக்கிலேதான் இது நிற்கின்றது. வெளியூர் வாகனங்கள் நிறையப் போகும் பிரதான வீதியில் இதை அப்படியே செய்து பார்க்கும்படி நாம் சொல்ல மாட்டோம். ஆனால் லயத்து முடுக்கில், ஆலய வாசலில், தற்காலிகக் குடியிருப்பின் தண்ணீர்க் குழாயடியில், ஒருவரையொருவர் அறிந்த இடத்தில் காலையில் பத்துக் கட்டுக் கீரையும் ஒரு டப்பாவும் வைக்கலாம். கொஞ்சமாக வையுங்கள். பணத்தை மதியமே எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் கணக்குப் பாருங்கள். பத்துக் கட்டில் ஒன்று காசில்லாமல் போனால் அது சந்தைக்குப் போகும் பஸ் கட்டணத்திலும் குறைவாகவே இருக்கக் கூடும். மூன்று போனால் நிறுத்திவிடுங்கள்.

பேரம் பேசுதலே பலருக்குப் பெரிய உபத்திரவம். அதற்கும் ஒரு பழைய பரிகாரம் இருக்கின்றது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே தோன்றிய குவேக்கர் சபையினர், தாம் ஏற்க எண்ணாத உயர்ந்த விலையை முதலில் சொல்வது பொய்யாகும் எனக் கருதி ஒரே விலையில் விற்கத் தொடங்கினர். முதலில் வாடிக்கையாளர் விலகிப் போயினர். பின்பு, சிறு பிள்ளையை அனுப்பினாலும் பெரியவருக்குக் கிடைப்பதே கிடைக்கும் என்று கண்டு திரும்பி வந்தனர் என அச்சபையை நிறுவிய ஜோர்ஜ் பொக்ஸ் எழுதி வைத்திருக்கின்றார். அட்டையில் விலையை எழுதி வைத்துவிட்டால் நீங்கள் பேச வேண்டியதில்லை, அட்டை பேசும். முத்திரையிட்ட தராசும் அருகில் இருக்கட்டும். குறைத்துக் கேட்பவரிடம் சொல்ல ஒரே வசனத்தை வீட்டிலே பழகிக்கொள்ளுங்கள்: "எல்லோருக்கும் இதே விலை ஐயா." சந்தையின் முதல் நாளில் இப்படிச் சொல்லி இரண்டு பேரை இழக்க நேரலாம். அதற்குத் தயாராகவே போக வேண்டும்.

இன்னும் ஒன்று. கூட்டத்தைத் தாங்காதவரைச் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் 'பழக்க' முயல்வது தேவையற்ற கொடுமை என்பதே எமது எண்ணம். அத்தகையோரில் சிலர் ஒரே வேலையை ஒரே ஒழுங்கில் செய்வதில் எம்மைவிடச் சிறந்தவர்கள். கரட்டைக் கழுவிப் பருமன் பிரித்து, கணக்கெழுதி, ஒரே அளவாகக் கட்டுவதை அவர்களிடம் விடுங்கள். வாங்குபவர் இரண்டாம் முறை வருவது அந்தக் கட்டைப் பார்த்துத்தான். பேசக் கூடிய அண்ணனோ சின்னம்மாவோ விற்கட்டும். நாலைந்து குடும்பம் சேர்ந்தால் ஒருவர் பேசினாலே போதும். சணச சங்கமோ மாதர் சங்கமோ இருக்குமிடத்தில் இதற்குப் புதிதாக ஓர் அமைப்பு வேண்டியதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. விதைக்கும் உரத்துக்கும் முற்பணம் வாங்கி, அதற்கு ஈடாக முழு அறுவடையையும் அதே முதலாளிக்குக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டவருக்கு மேலே சொன்ன எதுவும் பெரிதாக உதவாது. விலையைச் சொல்லும் உரிமை விதைத்த அன்றே போய்விட்டது. எல்லாம் இழந்து வந்தவர்கள் முற்பணம் வாங்காமல் இருக்க முடியாது என்பதும் தெரியும். ஆனால் வாங்கும்போதே, நாலில் ஒரு பாத்தியாவது என் கையில் இருக்கட்டும் என்று கேட்டு வைக்கலாம். நேரில் கேட்க நா எழாதவர் அதையும் துண்டில் எழுதிக் கொடுக்கலாம். கொமிஷன் கடைக்கு மூட்டையை அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பதும் சிலருக்கு ஏற்ற வழிதான். பேசாமல் இருப்பதற்கு அங்கே ஒரு கட்டணம் கொடுக்கின்றோம், அவ்வளவே. அந்தக் கட்டணம் எவ்வளவு என்று பில்லைப் பார்த்து மாதம் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

கரட் விதைத்துப் பிடுங்க ஏறக்குறைய மூன்று மாதம் செல்லும். லீக்ஸுக்கு அதைவிடக் கூட வேண்டும். நான்கு இடங்களுக்குத் துண்டு எழுதி, முட்டையோ கீரையோ கொண்டு முகம் காட்டி வர அந்த இடைக்காலம் போதும். அறுவடை அன்று வீதிக்கு இறங்கினால் நேரம் போதாது.