பழைய சொகுசுக் கார்: பெயரைவிட இடம் முக்கியம்

உயரமான குடும்பத்தார் பழைய சொகுசுக் கார் வாங்கும்போது அதன் நீளத்தைக் கண்டு மயங்குவதுண்டு. 1984 முதல் 2002 வரை வந்த காண்டசா நீளமானதுதான். கூரையோ அம்பாசிடரைவிடத் தாழ்வு. 2017-இல் இந்தியாவுக்கு வந்த நீளமான பென்ஸ் இ-கிளாஸில் முன் பின் சக்கரங்களின் இடைவெளி 3,079 மில்லிமீட்டர். அது காலுக்கு இடம் தரும், தலைக்குத் தராது. கூரையில் கண்ணாடித் திறப்பு இருந்தால் தலைக்கு இடம் இன்னும் குறையும்.

மூட்டையில் குத்தூசி போடாமல் நாம் சரக்கு எடுப்போமா? வீட்டில் மிக உயரமானவரை முன்னிருக்கையில் தாராளமாக அமர்த்தி, அடுத்தவரை அவர் பின்னால் உட்கார வையுங்கள். முழங்கால் இடிக்கக் கூடாது. தலை கூரையைத் தொடக் கூடாது. பிறகு அனைவரையும் ஏற்றி லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஓட்டிப் பாருங்கள். ஏறும்போது இன்ஜின் சூட்டையும், இறங்கும்போது பிரேக்கையும் கவனியுங்கள்.

ஆர்.சி. 15 ஆண்டுகளுக்கே செல்லும். பிறகு 5 ஆண்டுக்கொரு முறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். கார் பழைய விலைக்கு வரும். உதிரிபாகம் புது விலைக்குத்தான் வரும். அது மதுரையிலாவது கிடைக்குமா என மெக்கானிக்கிடம் கேட்டபின் முன்பணம் கொடுங்கள். கடை முதலைக் காரில் முடக்க வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள்.